மேடம் ‘ஆய்த்து’ என்று சொன்னபோது

போன வாரம் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் நகங்களுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். வண்டி குலுங்கினால் கையைத் தூக்கிக்கொள்வாள். நின்றதும் ஒரு விரல். அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு விரல். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் பேருந்தில் இல்லை. முப்பது வருடம் பின்னால், மைசூரில், எங்கள் துறையின் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில், மெழுகுத் தாளின் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

உங்களில் பலர் ஸ்டென்சில் பார்த்திருக்க மாட்டீர்கள். மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து, உருளையில் மாட்டி, மையைத் தடவிச் சுற்றினால் படிகள் விழும். எழுத்தில் தப்பு வந்தால் ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் மறுபடி தட்டவேண்டும். அந்தத் திரவத்துக்கு நகச்சாயத்தின் வாசனை. நான் நிறையத் தப்பு செய்கிறவள். என் வேலை நாட்களுக்கே அந்த வாசனைதான்.

அங்கே நான் படியெடுத்தது சம்மதப் படிவங்களை. ‘இந்த ஆய்வில் பங்குபெற எனக்குச் சம்மதம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.’ கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ்ப் படிவம் என் மொழிபெயர்ப்பு. ‘எப்போது வேண்டுமானாலும்’ என்று நானே தட்டிய சொற்களுக்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியாமல் போன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

மறதி நோயோடு வாழ்கிறவர்களை ஆய்வுக் குழுவில் உட்காரவைப்பது, வகுப்பெடுக்கக் கூப்பிடுவது எல்லாம் உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. விதிமுறைகள் இருக்கின்றன, பக்கம் பக்கமாக. எங்களிடம் அந்த ஒற்றைத் தாள்தான் இருந்தது. விருப்ப ஓய்வில் வெளியே வந்த என்னை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். சாதனை எதுவும் கைவசம் இல்லை. ஒரு தப்பு இருக்கிறது. நல்லபடியாக முடிந்த தப்பு. அப்படி முடிந்ததை நினைத்தால் இன்றைக்கும் மூச்சு ஒரு தரம் ஆழமாக வெளியே வருகிறது.

எனக்கு ஊர் ராமாபுரம், ஹனூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். துறையில் என்னைக் கள ஆய்வாளராக எடுத்ததே அதற்காகத்தான். இரண்டு மொழியும் தெரிந்த பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அந்தப் பெயரைப் புதுப்புடவை மாதிரி உடுத்திக்கொண்டு திரிந்தேன்.

பேராசிரியை கன்னடக்காரர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், விடுங்கள். அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது. மறதி நோயைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்ல, அந்த நோயோடு தினம் எழுந்து பல் துலக்குகிற ஒருவரை விட யாருக்குத் தகுதி? அவரை ஆசிரியராகக் கூப்பிடுவோம், நாற்காலி போடுவோம், நாம் கீழே உட்கார்ந்து குறிப்பெடுப்போம். சக ஆசிரியர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். வயதானவர்களின் தடுமாற்றத்துக்கு மைசூரில் ‘அரளு மரளு’ என்பார்கள். மாணவர்கள் தொடங்கும் முன்பே அதற்கு ‘அரளு மரளு கிளாஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அந்த வகுப்பின் முதல் ஆசிரியர் வேதவல்லி மேடம்.

அக்ரஹாரத்தில் குடியிருந்தார். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட வைணவக் குடும்பம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடத்துக்கு மேல் வெளியூர்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவர். ஊரின் பாதித் தொலைபேசி எண்களை மனதிலேயே வைத்திருந்தாராம். ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் தன் வீட்டு எண்ணைக் கணவரிடம் கேட்டார். கணவர் கோபாலன் சார், ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கன்னட வீடுகளில் மனைவி கணவனைக் கூப்பிடுகிற மாதிரி மேடம் அவரை ‘ரீ’ என்றுதான் கூப்பிடுவார். அவரும் எங்கே இருந்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

முதல் நாளே நான் கவிழ்ந்தேன். ஒரு நிமிடத்தில் எத்தனை சாப்பாட்டுப் பெயர்கள் சொல்ல முடிகிறது என்று பார்க்கிற ஒரு சோதனை உண்டு. மேடம் கண்ணை மூடிக்கொண்டு, “சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது…” என்று அடுக்கினார். நான் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டேன். இல்லாத சொற்களை உண்டாக்கிப் பேசுவது இந்த நோயில் வரக்கூடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அது கண்ணெதிரே நடக்கிறது என்று உள்ளூர ஒரு பரபரப்பு வேறு.

மேடம் கண்ணைத் திறந்து, தலைகீழாகத் தெரிந்த என் தாளை நேராகப் படிப்பது போலப் படித்தார். “அதென்ன கோடு?”

“அது… அந்த வார்த்தைங்க எல்லாம் இல்லைங்க மேடம்.”

“எது இல்லை?”

“சாத்தமுதுங்க.”

அவர் கணவரைப் பார்த்தார். “ரீ, இந்தப் பொண்ணு நம்மாத்துல சாத்தமுது இல்லைங்கறா. நேத்திக்கு நீங்க ரெண்டு தரம் வாங்கி விட்டுண்டேளே, அது என்ன?”

“ரசம்மா, ரசம்,” என்றார் கோபாலன் சார் என்னிடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “எங்காத்துப் பேச்சு. கறியமுதுன்னா பொரியல். திருக்கண்ணமுது பாயசம்.”

“நீ எந்த ஊர்?” என்றார் மேடம்.

“ராமாபுரங்க.”

“அதான். பாலாறு செக்போஸ்ட்டுல உன் தமிழைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் விட்டாளா? பாதியை அங்கேயே எடுத்து வெச்சுண்டுட்டாப்பல இருக்கு.”

கோடுகளை அழித்தேன். மதிப்பெண் ஏறியது. படிவத்தை நீட்டி, வகுப்பெடுக்க வருகிறீர்களா, விருப்பம்தானா என்று கேட்டேன். “ஆய்த்து,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கன்னடத்தில் சரி என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். மைசூர்த் தமிழர்கள் நாங்களும் சரி என்று சொல்வதே குறைவு, ஆய்த்து என்போம். நாளைக்கு வா என்றால் ஆய்த்து. பாலை வாங்கி வை என்றால் ஆய்த்து.

முதல் வகுப்பு. கறுப்பு ரெக்ஸின் கைப்பையை மேஜை மேல் வைத்தார். நாற்பது பேரை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, வேறு யாரோ ஒருவருடைய குரல் போல, துடைத்த பித்தளை போல ஒரு குரலில், “ஹலோ, மைசூர் டிரங்க்ஸ்,” என்றார். பின்வரிசைச் சிரிப்பு அதோடு நின்றது.

டிரங்க் கால் எப்படி இணைப்பது என்று கன்னடத்தில் சொன்னார். பலகையில் விளக்கு எரியும், கயிற்றை எடுத்துத் துளையில் சொருகவேண்டும். பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் நடுவில் புகுந்து, “மூரு நிமிஷ ஆய்த்து,” என்று சொல்லவேண்டும். மேலே பேசுவதா, வைப்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். “யார் பேசினாலும் சொல்லணும். கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னாலும், சாவுச் செய்தி சொல்லி அழுதாலும். முதல் வருஷம் எனக்குச் சொல்லவே மனசு வராது. அப்புறம் புரிஞ்சுது. நான் சொல்லலைன்னா அவாளுக்கு நேரம் தெரியாது.”

முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். “மேடம், மறந்து போகிறபோது உள்ளே எப்படி இருக்கும்?”

மேடம் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். “விளக்கு எரியறது. யாரோ கூப்பிடறா. கயிறு கைல இருக்கு. எந்தத் துளைல சொருகணும்னு தெரியலை. விளக்கு எரிஞ்சுண்டே இருக்கு.”

“பயமாக இருக்குமா?”

“பயமில்லை. வெக்கம். அந்தப் பக்கம் ஒருத்தர் காத்துண்டிருக்காரேன்னு.”

நாற்பது பேனாக்களில் ஒன்றுகூட எழுதவில்லை. நான் படித்த எல்லாப் புத்தகங்களையும் அன்று மாலை ஒரு முறை அவநம்பிக்கையோடு பார்த்தேன்.

இரண்டாவது வகுப்பும் அப்படியே. அக்ரஹாரத்திலிருந்து ஆட்டோவில் வருவார், இருபது நிமிடம் பேசுவார், பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கோபாலன் சார் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஆத்துல இப்பல்லாம் எல்லாத்தையும் நான்தான் சொல்றேன்மா. குளி, சாப்பிடு, படு. இங்க வந்தாத்தான் அவ சொல்றா, மத்தவா கேக்கறா. முந்தின நாளே புடவையை எடுத்து வெச்சுடறா. இதை நிறுத்திடாதீங்கோ.”

நிறுத்தவில்லை. நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்தாததுதான் தப்பு.

வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. இந்த வகுப்பைப் பாடத்திட்டத்தில் நிரந்தரமாகச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தார்கள். பேராசிரியை இரண்டு வருடமாக நடையாய் நடந்து கொண்டுவந்த நாள் அது. காலையில் மேடம் நன்றாகத்தான் ஆரம்பித்தார். இருபது நிமிடம் ஆனது. மாணவர்கள் கைதட்டினார்கள். குழுவில் ஒருவர், கழுத்துப்பட்டை கட்டியவர், தான் சில கேள்விகள் கேட்கலாமா என்றார். பேராசிரியை தலையசைத்தார்.

அவர் கேட்டவை வகுப்புக் கேள்விகள் இல்லை. சோதனைக் கேள்விகள். இன்றைக்கு என்ன கிழமை? இது எந்த மாடி? நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாருங்கள் பார்க்கலாம். ஆசிரியராக உட்கார்ந்திருந்தவர் ஒரு நொடியில் நோயாளி ஆனார். அந்த அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தோம். யாரும் எதுவும் செய்யவில்லை.

மேடம் கிழமையைத் தப்பாகச் சொன்னார். பிறகு, “ஆய்த்து,” என்றார்.

“ஆய்த்து, ஆய்த்து, இன்னும் ஒண்ணே ஒண்ணு,” என்றார் பேராசிரியை, சிரித்த முகத்தோடு.

கழித்தல் தொண்ணூற்று மூன்றோடு நின்றது. மேடம் என்னவோ முனகி மறுபடி ஆய்த்து என்றார். அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. நான் பேராசிரியையைப் பார்த்தேன். அவர் குழுவைப் பார்த்தார். குழு தாளைப் பார்த்தது. இப்படி ஒரு பார்வை அறையைச் சுற்றிக்கொண்டே போய் எங்கேயும் இறங்காமல் இருந்தது. நான் மேடத்துக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத் தலையை ஆட்டி ஏதோ சொன்னேன். இன்னும் நான்கு கேள்விகள். கடைசியில் அவர் பதில் சொல்வதை விட்டுவிட்டார். எழுந்து, பையைத் தோளில் மாட்டி, வாசலில் நின்ற கணவரிடம் போனார். குழு எழுந்து நின்று நன்றி சொன்னது. அவர் திரும்பவில்லை.

களைத்துவிட்டார் என்று பேசிக்கொண்டோம். அந்தச் சொல் எங்களுக்கு வசதியாக இருந்தது.

ஒன்பதாம் நாள் கோபாலன் சார் துறைக்கு வந்தார். துண்டு இல்லை. அதை நான் முதலில் கவனித்தேன்.

“ஆத்துக்குப் போனதுலேருந்து பேசலை,” என்றார். “ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டாத் திரும்பறா, சாப்பிடறா. வாயைத் திறக்கமாட்டேங்கறா. என்னைக்கூட… ரீன்னு ஒரு குரல் குடுக்கலைம்மா. டாக்டரைப் பாத்தோம். நோய் ஒரு படி இறங்கியிருக்கலாங்கறார். இருக்கலாம். ஆனா அன்னிக்குக் காலம்பற பேசிண்டே ஆட்டோல வந்தா. என்ன பண்ணினேள் அவளை?”

திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்குத் திட்டே தேவலை.

அவர் போனபின் பேராசிரியை ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பங்கேற்பவர் விலகினால் நிரப்பவேண்டிய தாள். நாங்கள் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வோம், இங்கே தமிழில் தருகிறேன். “காரணம் என்கிற இடத்தில், நோய் முற்றியதால் என்று எழுதிவிடு,” என்றார். குரல் தளர்ந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை. மருத்துவரே சொல்லியிருக்கிறார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

உங்களுக்கு இப்படி ஒரு தாள் வரும். கட்டாயம் வரும். எழுதப் போகிற வரி பொய்யாக இருக்காது, உண்மையா என்றும் யாருக்கும் தெரியாது, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவைக்கும். என் கை அன்று நின்றதற்கு அறிவு காரணமில்லை. சாத்தமுதுக்குப் பக்கத்தில் இதே பேனாவால் கோடு போட்டது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

“ஒரு நாள் கொடுங்கள் மேடம். அந்த வகுப்பின் கேசட்டைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.”

வகுப்புகளை எல்லாம் பதிவு செய்வோம். மறுநாள் காலை, மாடிப்படி அறையில், அந்தச் சிவப்புத் திரவத்தின் வாசனைக்கு நடுவே, டேப் ரெக்கார்டரைக் காதருகே வைத்துக்கொண்டு கேட்டேன். கைதட்டல். கழுத்துப்பட்டைக்காரரின் குரல். கிழமை என்ன. பதில். அப்புறம், அன்றைக்கு என் காதில் விழாத ஒரு சத்தம்: மரத்தின் மேல் ரெக்ஸின் உரசுகிற சர்ரென்ற சத்தம். மேஜை மேல் இருந்த பையை அவர் மடிக்கு இழுத்துக்கொள்கிறார். அதற்குப் பின்தான் முதல் ஆய்த்து.

ஓடவிட்டேன். கழித்தல். தொண்ணூற்று மூன்று. முனகல் என்று நான் நினைத்தது முனகல் இல்லை. நாடாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். மெதுவான, துடைத்த, அந்த எக்ஸ்சேஞ்சுக் குரல்: “மூரு நிமிஷ ஆய்த்து.”

ஆய்த்து. சரி என்பதற்கும் அதுதான். முடிந்துவிட்டது என்பதற்கும் அதேதான். இரண்டு மொழி தெரிந்த பெண்ணுக்கு இது தெரியாதா? தினம் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்களுக்கு நானே ஆய்த்து என்றுதான் பதில் சொன்னேன். ஆனால் அந்த அறையில் எங்களுக்குச் சம்மதம் தேவைப்பட்டது. அதனால் எல்லோர் காதிலும் சம்மதமே விழுந்தது. அவர் நேரம் முடிந்தது என்று அறிவித்திருக்கிறார். கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிற உரிமையை, தன் வாழ்நாள் வேலையின் சொல்லாலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது ஒன்றும் இருந்தது. என்னைப் பார்த்தாரே, அப்போது. தமிழில்: “ஆச்சுன்னா ஆச்சு.” அதற்கு ஒரு பெண்குரல் கேட்கிறது, உற்சாகமாக, தட்டிக்கொடுக்கிற மாதிரி: “ஆய்த்துங்க மேடம், சொல்லுங்க.” அது என் குரல்.

கேசட்டைப் பேராசிரியையின் மேஜைக்குக் கொண்டுபோனேன். கேட்டார். திருப்பிக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று நான் எத்தனை தடவை சொல்கிறேன்,” என்றார். பிறகு அந்த விலகல் தாளை எடுத்து மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். “கிளம்பு, போகலாம்.”

ஆட்டோவில் வழியெல்லாம் அவர் என்ன பேசவேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்தார். உதடுகள் அசைவது தெரிந்தது. நான் வேறொன்றை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். நாங்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதால் மட்டும் அவர் பேசிவிடப் போகிறாரா? டாக்டர் சொன்னதும் உண்மையாக இருக்கலாமே.

மேடம் கூடத்து நாற்காலியில் இருந்தார். தலை வாரிப் பூ வைத்திருந்தது. கணவர் வாரிவிட்டது, வகிடு கோணல். பை நாற்காலிக் கையில் தொங்கியது. எங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

பேராசிரியை முன்னால் போய் உட்கார்ந்து, “நம்மதே தப்பு,” என்றார். எங்கள் மேல்தான் தப்பு.

நான் சொன்னேன்: “நீங்க முடிஞ்சுதுன்னு சொன்னீங்க மேடம். மூணு தடவை சொன்னீங்க. நாங்க அதைச் சரின்னு கேட்டுக்கிட்டோம். டேப்புல நானே கேட்டேனுங்க.”

ஒன்றுமில்லை. கோபாலன் சார் தட்டில் காபி கொண்டுவந்தார். பேராசிரியை பேச ஆரம்பித்தார். தயார் செய்தது எல்லாம் வந்தது. குழுவைப் பற்றி, வகுப்பின் முக்கியத்துவம் பற்றி, மாணவர்கள் தினம் கேட்பது பற்றி. எல்லாம் மனதிலிருந்து வந்த பேச்சு. நீளமாகிக்கொண்டே போனது.

மேடத்தின் கை நாற்காலிக் கையை நோக்கிப் போனது. பையை எடுத்தது. மடியில் வைத்தது.

என் டம்ளரில் முக்கால்வாசிக் காபி இருந்தது. பேராசிரியை ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அவர் பேசும்போது துறையில் யாரும் குறுக்கே பேசியதில்லை, நான் தும்மியதுகூட இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். “மேடம், போலாம்.”

பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார். முதலில் கோபம். பிறகு என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது, அந்தப் பைக்கு. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். இருவரும் வாசலுக்கு நடந்தோம். அந்த எட்டு அடி தூரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இனி இந்த வீட்டுக்கு வரமாட்டோம் என்று நினைத்துக்கொண்டே ஒரு செருப்பை மாட்டினேன்.

“காபியைக் குடிச்சுட்டுப் போங்கோ.”

கோபாலன் சார் கையிலிருந்த தட்டு விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டு இல்லாத தோளைத் தடவித் தேடி, கடைசியில் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

“ஏன் ரீ தரைல உக்காந்தேள்?” என்றார் மேடம். “வந்தவாளுக்கு நாற்காலி போடத் தெரியறது, நமக்குப் போட்டுக்கத் தெரியலை.”

ஆறிய காபியைக் குடித்தோம். அதைவிட நல்ல காபி நான் குடித்ததில்லை. ஒன்பது நாள் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்கக்கூடாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கோபாலன் சார் கேட்டுவிட்டார். கணவர் அல்லவா.

மேடம் யோசித்தார். “பேசினா அந்தப் பக்கம் கேக்கணும். கேக்கலைன்னா லைன் டெட். டெட் லைன்ல யார் கத்துவா?”

வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தாரா, நோய்தான் வாயை மூடித் திறந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் கலந்திருக்கலாம். உங்கள் வேலையில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும், சொன்னதை நாம் காதில் வாங்கவில்லை என்ற பக்கம் உண்மையாக இருந்தால் அதைச் சரிசெய்யவேண்டியது நம் வேலை. நோயின் கணக்கில் எழுதிவிட்டால் சரிசெய்ய ஒன்றும் மிஞ்சாது.

மறுபடி வகுப்புக்கு வருகிறீர்களா என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து கோபாலன் சார் தொலைபேசியில் கூப்பிட்டார். மேடம் புடவையை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாராம், ஏன் யாரும் கூப்பிடவில்லை என்கிறாராம்.

போய்ப் பேசினேன். முடிந்தது என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும் மேடம், அந்தச் சொல் எங்களைக் கவிழ்த்துவிடுகிறதே என்றேன்.

“நான் பேசறேன். நீ ஆபரேட்டரா இரு,” என்றார். “என்னைப் பாத்துண்டே இருக்கணும். நடுவுல புகுந்து நிறுத்தணும். யார் பேசிண்டிருந்தாலும்.” பிறகு, “உன்னால முடியாது. நீ பெரியவா மூஞ்சியைப் பாக்கறவ.”

“அன்னைக்கு எந்திரிச்சேன்ல மேடம்?”

“என்னைக்கு?” என்றார். அது போயிருந்தது. எனக்கு ஒன்றும் வருத்தமாக இல்லை. அவருக்குப் போனாலும் எனக்கு இருக்கிறது, அது போதும்.

அந்தக் குழு என்ன எழுதியது என்று பிற்பாடு தெரிந்தது. வகுப்பு பயனுள்ளது, நேரக் கட்டுப்பாடு தேவை என்று எழுதியிருந்தார்கள். பேராசிரியை அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப்பார்த்தார்.

கடைசியாக ஒரு வகுப்பைச் சொல்லி முடிக்கிறேன். பேராசிரியை பின்வரிசையில், மாணவர்களோடு. நான் முன்னால், பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில், மேடத்தின் கைகளைப் பார்த்தபடி. அன்று மேடத்துக்குச் சொற்கள் தாமாக வந்தன. மறந்து போன ஒருவரிடம் எப்படிப் பேசவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘ஞாபகம் இருக்கா’ன்னு ஆரம்பிக்காதீங்கோ, அது வாசல்லயே பூட்டுப் போடற மாதிரி என்றார். ஒரு மாணவன் எழுந்து மிக நல்ல கேள்வி ஒன்றைத் தொடங்கினான். பாதியில் இருந்தான். மேடத்தின் விரல்கள் பையின் வாரைத் தொட்டன. இழுக்கவில்லை, தொட்டன.

எழுந்து நின்றேன். “இன்றைய வகுப்பு முடிந்தது. உட்காருங்கள்.”

“ஒரே ஒரு நிமிஷம் மேடம், நான் கேட்டது…”

“முடிந்தது.”

பின்வரிசையில் பேராசிரியை முதல் ஆளாக எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். அந்த மாணவனின் கேள்விக்கு அப்புறமும் பதில் கிடைக்கவில்லை. இன்று அவன் எங்கேயோ பெரிய வேலையில் இருக்கிறான். அந்தக் கேள்வியை இன்னும் வைத்திருக்கிறேன் என்று எப்போதாவது எழுதுவான்.

வாசலில் ஆட்டோ நின்றது. கோபாலன் சார் முதலில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினார். துண்டு தோளில் திரும்பியிருந்தது. மேடம் ஏறுவதற்கு முன் நான் கேட்டேன், படிவத்தில் இருக்கிறதால் இல்லை, இந்த முறை உண்மையாகவே பதில் தெரியாமல்.

“அடுத்த வாரமும் வர்றீங்களா மேடம்?”

“மாட்டேன்.”

அவ்வளவு தெளிவான சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“சும்மா சொல்றாம்மா, வருவா, வருவா,” என்றார் கோபாலன் சார் அவசரமாக.

“சும்மா சொல்லலை. வரமாட்டேன்.”

“சரிங்க மேடம்,” என்றேன். “நான் எழுதிக்கறேன்.”

“ஏன்னு கேக்கலையே நீ?”

“சொல்லணுமாங்க?”

“வேண்டாம்.” ஏறி உட்கார்ந்து புடவை நுனியை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். மேடம் தலையை வெளியே நீட்டினார்.

“அதுக்கு அடுத்த வாரம் வந்து கேளு. கேக்காம இருந்துடாதே.”